கை நனையாமல் ஏறிய மலை

எங்கள் யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. கீரிமலை என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கேணி இருக்கிறது, கடல் இருக்கிறது, கோயில் இருக்கிறது, ஆடி அமாவாசைக்குச் சனம் இருக்கிறது. மலையைத்தான் காணவில்லை. உயர ஏறவேண்டும் என்று ஆசைப்படுகிறவன் பனையில் ஏறலாம், தண்ணீர்த் தாங்கியில் ஏறலாம். அதுவும் போதாதென்றால் விமானத்தில்தான் ஏறவேண்டும். பண்டத்தரிப்பில் உரக்கடை வைத்திருக்கும் எனக்கு, தலை நரைக்கும் வரைக்கும் இந்த மூன்றில் ஒன்றும் தேவைப்படவில்லை.

அப்படிப்பட்ட நான் நோர்வேயின் வடக்கு மூலையில், பாதையே இல்லாத ஒரு மலையில், ஒற்றைச் சப்பாத்தோடு நின்றதற்குக் காரணம் அக்காவின் மகள் மதுரா.

மதுரா ஆஸ்பத்திரியில் தாதி. கால் சுளுக்கி வீங்கிப்போய் வந்த ஒருவனுக்கு ஒரு நாள் கட்டுப் போட்டிருக்கிறாள். பெயர் நிரோஷன். சின்ன வயதிலேயே நோர்வேக்குப் போனவன், அங்கே எக்ஸ்ரே எடுக்கிற வேலை, லீவு கிடைத்தால் மலை ஏறுவானாம். ஊர் பார்க்க வந்தவன் கீரிமலைக் கேணிப் படியில் வழுக்கி விழுந்திருக்கிறான். நோர்வே மலையெல்லாம் ஏறியவன், மலையே இல்லாத கீரிமலையில் விழுந்தான் என்று கேள்விப்பட்டபோதே எனக்கு அவன்மேல் நம்பிக்கை போய்விட்டது. மதுராவுக்கு நடந்தது நேர்மாறு. கால் சுகமாகி அவன் திரும்பிப் போன பிறகும் அவளுடைய தொலைபேசி ஓயவில்லை.

அத்தான் காலமான பிறகு அந்த வீட்டின் நல்லது கெட்டதுக்கு நான்தான் முன்நிற்பவன். அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, தாய்மாமன் நீ. ஒருக்காப் போய்ப் பாத்து விசாரிச்சுக்கொண்டு வா. நீ ஓம் எண்டால் ஓம். இல்லையெண்டால் இல்லை. நான் ஒண்டும் கதைக்கமாட்டன்."

அக்கா ஒன்றும் கதைக்கமாட்டாள் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் முடிவு என் தலையில் என்பது நிச்சயமாயிற்று.

விசாரிப்பது என்பது எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய வேலை. மாப்பிள்ளையின் ஊர்ச் சந்தியில் இறங்கி, கடையில் ஒரு வாழைப்பழம் வாங்கி, சும்மா கேட்பதுபோலக் கேட்கத் தொடங்கினால், பின்னேரத்துக்குள் அவனுடைய பூட்டன் குடித்தாரா இல்லையா என்பது வரைக்கும் தெரிந்துவிடும். எனக்கு வந்த சம்பந்தங்களையும் அக்கா இப்படித்தான் விசாரித்தாள். ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு பூட்டன் அகப்பட்டார். நான் கலியாணமே செய்யாமல் உரக்கடையில் இருக்கிறேன்.

புறப்படுகிற அன்று மதுரா ஒரு தகரப் பேணியைக் கொண்டுவந்து தந்தாள். சுற்றிவர ரேப் ஒட்டியிருந்தது.

"மாமா, இதை நிரோஷனிட்டைக் குடுங்கோ. திறக்காதேங்கோ." பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள்: "உங்களுக்குச் செய்தமாதிரி எனக்கும் செய்துபோடாதேங்கோ."

அக்காவும் இரண்டு கட்டளை தந்தாள். ஒன்று, வெள்ளிக்கிழமையில் மச்சம், அதாவது மீனோ இறைச்சியோ, தொடக்கூடாது. எந்த நாட்டில் நின்றாலும் வெள்ளி வெள்ளிதான். மற்றது, முடிவு சொல்லும்வரை மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கக்கூடாது. அதாவது சாப்பிடக்கூடாது. எங்கள் வீட்டில் பரம்பரையாக வரும் வழக்கம் இது. சம்பந்தம் பேசப் போன இடத்தில் ஒரு பிடி சோறு தின்றாலும் சம்மதம் என்றுதான் அர்த்தம். தின்றுவிட்டு வந்து மாட்டேன் என்று சொன்ன ஆள் எங்கள் பரம்பரையில் இல்லை.

ஆகவே ஒரு பை நிறையப் பருத்தித்துறை வடை, எள்ளுருண்டை, பனங்கட்டி என்று கட்டித் தந்தாள். குளிசைகளை நானே எடுத்து வைத்துக்கொண்டேன். எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு மாத்திரை இல்லாமல் முடியாது.

போய் இறங்கிய ஊர் கடலோரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பட்டணம். பழைய பள்ளித் தோழன் ஒருவனுடைய வீட்டுக் கீழறையில் தங்கினேன். அவன் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போயிருந்தான். திறப்பைப் பூச்சட்டிக்குக் கீழே வைத்திருந்தான். பூச்சட்டிக்குக் கீழே திறப்பு வைக்கிற நாட்டில் கள்ளருக்கு என்ன வேலை என்று யோசித்துக்கொண்டே கதவைத் திறந்தேன்.

கோடைகாலம். அந்தப் பக்கத்தில் கோடையில் சூரியன் மறைவதில்லை. படுக்கும்போதும் வெயில், எழும்பும்போதும் அதே வெயில். முதல் நாள் நித்திரையால் எழும்பி முகம் கழுவி, திருநீறு பூசி, விடிந்துவிட்டதென்று வெளியே வந்தேன். தெருவில் ஒரு குஞ்சு குருமான் இல்லை, மணி பார்த்தால் நடுச்சாமம். எது இன்று, எது நேற்று என்ற கணக்கு அப்போதே எனக்குப் பிசகத் தொடங்கிவிட்டது.

மணிப்படி விடிந்த பிறகு பஸ் ஏறினேன். பஸ்ஸில் ஒரேயொரு மனுசி இருந்தாள். ஊரில் செய்வதுபோலப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு யன்னலோடு ஒட்டிவிட்டாள். அத்தனை இருக்கையும் காலியாக இருக்கும்போது ஒருவர் பக்கத்தில் மற்றவர் இருப்பது அங்கே பெரிய சம்பவம் என்று நிரோஷன் பிறகு சொன்னான். இறங்க வேண்டிய இடம் வந்ததும் வழக்கப்படி, "இறக்கம்!" என்று குரல் கொடுத்தேன். சாரதி பிரேக் அடித்த அடியில் நானும் அந்த மனுசியும் ஒன்றாக முன்னுக்குப் போய் வந்தோம். சாரதி எழும்பி வந்து ஏதோ கேட்டார். யாருக்கு என்ன நடந்தது என்று கேட்டிருப்பார். நான் கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

விசாரணையைத் தொடங்கக் கடைக்குப் போனேன். கடையில் காசு வாங்குவது ஒரு மெசின். அதனிடம் நிரோஷனைப் பற்றி என்ன கேட்பது? அவனுடைய வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக் கிழவரைப் பிடித்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டேன், அவருக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னார். "நல்ல பொடியன். பனி வழிப்பான்." பூட்டனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பத்து வருடம் பக்கத்து வீட்டில் இருந்து பனி வழிப்பதைத் தவிர ஒன்றும் அறியாத மனிதரை எங்கள் ஊரில் மனிதர் என்றே சொல்லமாட்டார்கள்.

அடுத்த நாள் மத்தியானம் நிரோஷனின் தாயைப் பார்க்கப் போனேன். தகப்பன் இறந்துவிட்டார், தாயும் மகனும்தான். கதவு திறந்ததும் வந்த வாசத்தில் எனக்குக் கால் நின்றுவிட்டது. மீன் குழம்பு. கறித்தூளை வறுத்து, பழப்புளி விட்டு, வெந்தயம் போட்டு வைத்த குழம்பு. நான் இரண்டு நாளாகத் தட்டை வடையைக் கடித்துப் பல் நோகிற மனிதன்.

"வாங்கோ அண்ணை, இருங்கோ. முதல்லை சாப்பிடுங்கோ, பிறகு கதைப்பம்."

"இல்லைத் தங்கச்சி, இப்பதான் சாப்பிட்டனான்."

அந்த நேரம் பார்த்து என் வயிறு ஒரு சத்தம் போட்டது. மனுசி கேட்காததுபோல இருந்தார்.

"அப்ப ஒரு தேத்தண்ணி?"

"தேத்தண்ணி குடிக்கிறேல்லை."

"தண்ணி?"

"தண்ணியும்..." என்று இழுத்தேன். அதற்குமேல் பொய் வரவில்லை.

மனுசி சிரித்துவிட்டார். "தண்ணியுமோ! பரவாயில்லை அண்ணை. விசாரிக்க வந்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியும். விசாரியுங்கோ. இந்தக் கதிரையிலையாவது இருக்கலாமோ, அதுவும் கூடாதோ?"

கதிரையைப் பற்றி அக்கா ஒன்றும் சொல்லவில்லை. இருந்தேன். எதிரில் மகன் இரண்டாம் முறை சோறு போட்டுக் குழம்பு ஊற்றியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதுராவின் பேணியை அவனிடம் கொடுத்தேன். அவன் அதைத் திறக்காமல் அலுமாரியில் வைத்தான். உள்ளே என்ன என்று அறிய எனக்கு இருந்த ஆவலில் கால்வாசிகூட அவனுக்கு இல்லை.

"அங்கிள், நாளைக்கு வெள்ளி, எனக்கு லீவு," என்றான். "மலைக்குப் போறன். வாறீங்களே?"

ஒரு மனிதனை விசாரிக்க அவன் இருக்கிற இடத்துக்குப் போகவேண்டும். மெசினும் பக்கத்து வீட்டுக்காரரும் கைவிட்ட பிறகு எனக்கு வேறு வழி இருக்கவில்லை. வாறன் என்றேன். அவன் எனக்கு இறந்த தகப்பனின் மழைச்சட்டையையும் சப்பாத்தையும் தந்தான். சப்பாத்து கொஞ்சம் பெரிது.

கார் போய் நின்ற இடத்தில் தெருவும் நின்றுவிட்டது. முன்னுக்குப் புல்லும் புதரும், அதற்கப்பால் கல்லும், அதற்கப்பால் வானத்தைக் கடிக்கப்போவதுபோல ஒரு பல்லும் தெரிந்தன.

"உந்தப் பல்லுதான் அங்கிள், நாங்கள் போறது."

"பாதை எங்கை, தம்பி?"

"பாதை இல்லை."

"அப்ப ஆக்கள் எப்பிடிப் போறவை?"

"ஆக்கள் போறது குறைவு. அதாலைதான் நான் போறனான்."

எங்கள் ஊரில் ஒழுங்கை, அதாவது இரண்டு வேலிக்கு நடுவே போகிற ஒடுங்கிய பாதை, இல்லாத இடமே இல்லை. கிணற்றடிக்கு ஒழுங்கை, கோயிலுக்கு ஒழுங்கை, ஒருவனும் போகாத பத்தைக்குள்ளேயும் ஓர் ஒழுங்கை. எனக்கு அடுத்த கேள்வி தானாகவே வந்தது.

"உது யாற்றை காணி?"

"ஒருத்தற்றையும் இல்லை. ஆரும் நடக்கலாம். கூடாரம் அடிச்சுப் படுக்கலாம். அதுதான் இஞ்சத்தைச் சட்டம்."

நான் சுற்றிவரப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வேலி இல்லை, ஒரு கதியால் இல்லை. வேலியைச் சாண் தள்ளி நட்டுவிட்டார் என்று பக்கத்து வளவுக்காரரோடு எனக்கு நடக்கும் வழக்கில், முதல் வழக்கறிஞர் இளைப்பாறி அவருடைய மகன் இப்போது வாதாடுகிறார். இவ்வளவு நிலத்தை ஒருவரும் அடைக்காமல் விட்டிருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

புதர் தாண்டியதும் பச்சைப் பசேலென்று பாய் விரித்ததுபோல ஓர் இடம் வந்தது. நிரோஷன் விளிம்பால் சுற்றிப் போனான். நேர்வழி இருக்க இவன் ஏன் சுற்றுகிறான் என்று நினைத்து நான் நடுவால் போனேன். மூன்றாவது எட்டில் வலது கால் முழங்கால் மட்டும் இறங்கியது. பாய்க்குக் கீழே கறுத்த சேறு. பையைப் பக்கத்துக் கல்லில் எறிந்துவிட்டு, இரண்டு கையாலும் காலைப் பிடித்து இழுத்தேன். கால் வந்தது. சப்பாத்து வரவில்லை.

நிரோஷன் ஓடிவந்து குப்புறப் படுத்துத் தோள்மட்டும் கையை விட்டுத் துழாவினான். "அப்பான்ரை சப்பாத்து, அங்கிள். விடேலாது," என்றான் சேற்றுக்குள் இருந்து. நான் ஒற்றைக்காலில் நின்று அவனுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது பின்னால் மணிச்சத்தம் கேட்டது.

செம்மறிகள். கழுத்தில் மணி கட்டிய மூன்று செம்மறிகள் என் பையைச் சுற்றி நின்றன. ஒன்றின் தலை பைக்குள்ளே இருந்தது. வெளியே எடுத்தபோது அதன் வாயில் அக்காவின் எள்ளுருண்டை. நான் கத்திக்கொண்டு ஒற்றைக்காலால் துள்ளிப் போய்ச் சேர்வதற்குள் பனங்கட்டியும் முடிந்தது. செத்தல் மிளகாய் இடித்துப் போட்ட பருத்தித்துறை வடையை அந்த நோர்வேச் செம்மறி கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராமல் சப்பியது. எங்கள் ஊர் ஆட்டுக்குக்கூட அந்தத் துணிவு இல்லை.

சப்பாத்து கிடைத்தது. சாப்பாடு போய்விட்டது. நிரோஷன் வெறும் பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டான். தன்னிடம் இருப்பதில் கொஞ்சம் எடுங்கோ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் மறுத்திருப்பேன். ஆனாலும் சொல்லவில்லையே என்று எனக்குச் சுட்டது. கைப்பிடி இறுக்கம் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

பிறகு கற்கள். முதலில் அரிசிமூட்டை அளவு, பிறகு அலுமாரி அளவு, பிறகு ஓட்டோ அளவு. அவன் கல்லுக்குக் கல் பாய்ந்தான். நான் ஒவ்வொன்றையும் கட்டிப்பிடித்து, அதோடு கொஞ்ச நேரம் உறவாடி, விடைபெற்று அடுத்ததற்குப் போனேன். தாகம் தாங்காமல் ஓர் ஓடையில் குனிந்து குடித்தேன். ஓடுகிற தண்ணீர் எந்த வீட்டுத் தண்ணீரும் இல்லை. அதில் கை நனைத்தால் குற்றமில்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொன்னேன்.

ஆள் போகாத மலையில் எதிரே ஓர் ஆள் வந்தது. என்னைவிட மூத்த ஒரு மனுசி, கூடவே ஒரு நாய். மழை தூறிக்கொண்டிருந்தது. "என்ன அருமையான நாள்!" என்றாராம். நிரோஷன்தான் எனக்குத் தமிழில் சொன்னான். பிறகு என்னைக் காட்டி ஏதோ கேட்டார். இவன் நீளமாகப் பதில் சொன்னான். மனுசி வாய்விட்டுச் சிரித்து, என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

"என்ன தம்பி கேட்டவ?"

"இவர் ஏன் இந்தப் பாடுபட்டு ஏறுறார் எண்டு."

"நீர் என்ன சொன்னனீர்?"

"என்னை விசாரிக்க வந்தவர் எண்டு சொன்னனான். அப்ப கெதியா விசாரிக்கச் சொல்லு, பெருமழை வரப்போகுது எண்டா."

நானும் தொடங்கினேன். மூச்சு வாங்கிக்கொண்டு, கல்லைப் பிடித்துக்கொண்டு.

"நீங்கள் ஊரிலை எவடம்?"

"மயிலிட்டி."

"மயிலிட்டியிலை எவடம்?"

"துறைக்குக் கிட்ட."

"கிட்ட எண்டால்?"

"துறையிலை நிண்டு கூப்பிட்டால் வீட்டுக்குக் கேக்கும்."

"அப்பா என்ன செய்தவர்?"

"மீன் பிடிச்சவர். அப்பப்பாவும் மீன்தான். இடம்பெயர்ந்து இஞ்சை வந்தும் மீன் பக்டரி. நான் ஒருத்தன்தான் எக்ஸ்ரே." அவன் ஒரு கல்லின்மேல் நின்று திரும்பினான். "அங்கிள், உங்களுக்கு மூச்சு வாங்குது. சுத்திச் சுத்திக் கேக்காதேங்கோ. கேக்க வந்ததை நேராக் கேளுங்கோ, சொல்லுறன்."

எவடம் என்று கேட்பது இடத்தை அறிய அல்ல என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பின்னால் இருக்கும் கேள்வியை யாரும் வாயால் கேட்பதில்லை. எவடம், எவடம் என்று குறுக்கிக்கொண்டே போய், விடை கிடைத்ததும் பேச்சை மாற்றிவிடுவோம். தோட்டம் செய்கிற எங்கள் ஆட்கள், துறைக்குக் கிட்ட இருக்கும் வீடுகளில் தண்ணீர் குடிக்காமல் வந்த கதைகளை நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். நேராகக் கேள் என்று அவன் சொன்னதும் நான் குனிந்து சப்பாத்து நாடாவை இறுக்கினேன். வெட்கமாக இருந்தது.

"ஒண்டுமில்லை, நடவும்," என்றேன்.

கடைசியில் பல்லின் அடிக்கு வந்துசேர்ந்தோம். ஒரு பனை உயரம்தான் பாக்கி. எனக்கு உடம்பில் புது இரத்தம் பாய்ந்தது. உச்சியில் நின்று படம் எடுத்து அனுப்புவதாகப் பண்டத்தரிப்புச் சந்தியில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். தலைமயிரைக்கூட வாரிவிட்டேன். நிரோஷன் மேற்குப் பக்கம் பார்த்தபடி நின்றான். அங்கே கடலின்மேல் ஒரு சாம்பல் நிறம்.

"திரும்புவம், அங்கிள்."

"என்ன?"

"முகில் வருது. திரும்புவம்."

"உந்தா தெரியுது உச்சி! கையை நீட்டினால் தொடலாம்!"

"ஏறலாம். ஏறுறது கரைச்சல் இல்லை. இறங்கேக்கை கால் வைக்கிற இடம் தெரியாது. இஞ்சை பாதையும் இல்லை."

"இவ்வளவு தூரம் வந்திட்டு ஆராவது திரும்புவினமோ? சனம் சிரிக்கும்!"

"சிரிக்கட்டும்," என்றான். "அப்பா சொல்லுவார், வள்ளம் நிறைய மீனோடை வந்த நாளெல்லாம் மறந்துபோச்சாம். வெறும் வள்ளத்தோடை திரும்பி வந்த நாளுகள்தான் ஞாபகமாம். அந்த நாளுகளாலைதான் தான் இருக்கிறன் எண்டுவார்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது, நான்தான் ஏறவில்லை. விசாரணையின் முடிவு அங்கேயே கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். எடுத்த காரியத்தை முடிக்காதவன். கேணிப் படியில் விழுகிறவன். ஒரு பிடி சாப்பாடு தராதவன். அக்காவிடம் இல்லை என்று சொல்லிவிட வேண்டியதுதான். அவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு, மனதுக்குள் அந்த வசனத்தை அமைத்துக்கொண்டே இறங்கினேன்.

வசனம் முடியவில்லை, முகில் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். பல்லைக் காணவில்லை. அது நின்ற இடத்தையே காணவில்லை. என் கையை நீட்டினால் விரல் மங்கலாகத் தெரிந்தது. பிறகு மழை, சரித்துக்கொண்டு ஊற்றியது. அந்த ஒரு பனை உயரத்தில் நான் இப்போது எங்கே தொங்கிக்கொண்டிருப்பேன் என்று நினைத்ததும் பக்கத்தில் இருந்த கல்லைக் கட்டிப்பிடித்தேன். நிரோஷன் என் கையைப் பிடித்து ஒரு பெரிய கல்லின் ஒதுக்குக்குள் இருத்தினான்.

இருந்ததும் கை நடுங்கத் தொடங்கியது. குளிர் என்று நினைத்தேன். நெற்றி வியர்த்தது. குளிரில் வியர்க்கிறதே என்று நினைத்தபோதுதான் விளங்கியது. காலையில் குளிசை போட்டிருக்கிறேன், அதற்குப் பிறகு செம்மறிகள்தான் சாப்பிட்டிருக்கின்றன. சொல்லவும் மனமில்லை. சொன்னால் அவன் சாப்பாடு தருவான். தந்தால் தின்பேன். தின்றால் சம்மதம். மருமகளின் வாழ்க்கையை வயிறா தீர்மானிப்பது?

அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் பையைத் திறந்தான். ஒரு தகரப் பேணியை எடுத்தான். மதுராவின் பேணி. ரேப்பைப் பல்லால் இழுத்துக் கிழித்துத் திறந்து என் மடியில் வைத்தான்.

உள்ளே பயத்தம் உருண்டை. எங்கள் வீட்டு உருண்டை. அக்கா பிடிக்கும்போது பெருவிரல் பதிகிற பள்ளம்கூட இருந்தது.

"சாப்பிடுங்கோ அங்கிள். இது உங்கடை வீட்டுச் சாமான். இதைத் திண்டால் கை நனைச்சதாகாது."

நான் அவனைப் பார்த்தேன்.

"மதுரா சொன்னவ. மாமாவுக்குச் சீனி, நேரத்துக்குச் சாப்பிடாட்டில் விழுந்துபோவார், ஆனால் உன்ரை சாப்பாட்டைத் தொடமாட்டார், நீ கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதை எண்டு. அதுதான் இதை நான் திறக்காமல் வைச்சனான். கீழை செம்மறி திண்டவுடனை தந்திருப்பன். ஆனால் அதுக்குப் பிறகும் வழியிலை இன்னும் செம்மறி நிண்டது."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஓர் உருண்டையைத் தின்றேன். இன்னொன்று தின்றேன். நடுக்கம் மெல்ல மெல்லக் குறைந்தது. தலை தெளிந்தது. வயிறும் வாயை மூடிக்கொண்டது. இனி எனக்கு எவருடைய சாப்பாடும் தேவையில்லை. ஓம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். பசியைக் காட்டி என்னை மடக்க அவனுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது! அவன் மடக்கவில்லை. எங்கள் வீட்டு வழக்கத்தை எங்களைவிடக் கவனமாகக் காப்பாற்றி வைத்திருந்தான். உச்சியைக் கையெட்டும் தூரத்தில் விட்டுவிட்டு, வெட்கப்படாமல் திரும்புகிறவன் வேறு. இப்படி ஒருவனைக் கட்டினால், மதுரா வாசலைப் பார்த்துக்கொண்டு பதறி இருக்க வேண்டியதில்லை. எத்தனை மலைக்குப் போனாலும் இவன் திரும்பி வந்துவிடுவான்.

அவன் சற்றுத் தள்ளி இருந்து தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மழை வாசத்தையும் மீறி அந்த வாசம் வந்தது.

"தம்பி, உதிலை என்ன?"

"அம்மா வைச்ச மீன் குழம்பு. பாணும் இருக்கு."

"இஞ்சை கொண்டாரும்."

அவன் திரும்பவில்லை. "அங்கிள், உருண்டை இன்னும் கிடக்குத்தானே. இதைத் திண்டால் என்ன எண்டு உங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சுதான் கேக்கிறன். கொண்டாரும்."

பெட்டி என் முன்னால் வந்தது. பாணைப் பிய்த்து, குழம்பில் தோய்த்து, ஒரு துண்டு மீனையும் சேர்த்து எடுத்து வாயில் வைத்தேன். ஆறிப்போன குழம்பு. புளியும் உறைப்பும் ஒரு நாள் கிடந்து நன்றாக ஊறியிருந்தன. அப்படி ஒரு சாப்பாட்டை நான் அதற்கு முன்னும் சாப்பிடவில்லை, அதற்குப் பின்னும் சாப்பிடவில்லை. விரல்களைச் சூப்பினேன். அவன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்:

"இன்னும் கொஞ்சம் விடட்டே, மாமா?"

"விடும்," என்றேன்.

முகில் விலகிய பிறகு இறங்கினோம். சேற்றின் விளிம்பால் சுற்றித்தான் வந்தேன். செம்மறிகள் மணியை ஆட்டிக்கொண்டு என்னை எதிர்பார்த்து நின்றன. வெறும் பையைக் காட்டிவிட்டு வந்தேன். காரடிக்கு வந்ததும் தொலைபேசிக்கு உயிர் வந்தது, வந்ததும் அடித்தது. அக்கா.

அக்கா எப்போது எடுத்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். எங்கள் ஊரில் எல்லோருக்கும் அதுதான் முதல் கேள்வி. ஆனால் அன்றைக்கு அவள் அதைக் கேட்ட விதத்தில், பக்கத்தில் மதுரா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்கு இங்கே தெரிந்தது.

"தம்பி, சாப்பிட்டியோ?"

"ஓம் அக்கா. சாப்பிட்டன்."

"கொண்டுபோனதோ?"

"அதைச் செம்மறி திண்டிட்டுது. நான் நிரோஷன் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டன்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறவில்லை. தூரத்தில் எங்கள் வளவுக் காகம் கத்துவது கேட்டது.

"என்ன சாப்பிட்டனி?"

"மீன் குழம்பு."

கார்க் கதவைப் பிடித்தபடி நிரோஷன் நின்றான். நானும் மூச்சுவிடாமல் நின்றேன். துறை, தோட்டம், பூட்டன், பரம்பரை என்று எதை முதலில் எடுக்கப் போகிறாளோ என்று எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பதிலை அடுக்கி வைத்துக்கொண்டேன்.

அக்கா பெருமூச்சு விட்டாள். பிறகு குரல் வந்தது, அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கிற மாதிரி.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோடா, மூதேவி!"